கொழுந்தனார் கையில் சிம்

கேள்வி: என் வீட்டுக்காரர் அடுத்த மாதம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் துபாய்க்கு வேலைக்குப் போகிறார். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்கிறார்களே, உண்மையா? அதிகம் செலவில்லாமல் வீட்டுக்குப் பணம் அனுப்ப எது நல்ல வழி? அவருடைய இந்த ஊர் சிம் அங்கே வேலை செய்யாது என்பதால் அதைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். பேங்க் மெசேஜ் வந்தால் அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். எனக்குத் தனியாக அக்கவுண்ட் இல்லாததால் பணமும் கொழுந்தனார் அக்கவுண்டுக்குத்தான் வரும். அவர் ரொம்ப நல்ல மாதிரி.
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சிம் அங்கே வேலை செய்யாது என்று யார் சொன்னது? நன்றாகவே செய்யும். ஊரில் இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்து, ஆன் ஆகிவிட்டதா என்று கஸ்டமர் கேரில் ஒருமுறை கேட்டுக்கொண்டு ஏறினால், துபாயில் இறங்கியதும் அங்குள்ள நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். வங்கி அனுப்பும் ஓடிபி மெசேஜ் வந்து சேரும். வருகிற மெசேஜுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. காசு பிடிப்பது போனை எடுத்துப் பேசினால், மெசேஜ் அனுப்பினால், டேட்டா ஓடினால். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, அந்த நம்பருக்கு வரும் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் ஏதாவது இருந்தால் எடுக்காத அழைப்புக்கும் பில் வரலாம். அதனால் புறப்படும் முன் ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு சிம் போடும் போனில் முதல் இடத்தில் துபாய் சிம், இரண்டாவதில் ஊர் சிம். முடிந்தது. ரீசார்ஜை மட்டும் விட்டுவிடக் கூடாது. வேலிடிட்டி முடிந்தால் மெசேஜ் வருவது நின்றுபோகும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரைத் துண்டிக்க விதியில் இடமிருக்கிறது, துண்டித்த நம்பர் சில மாதம் கழித்து யாரோ ஒருவருக்கு விற்கப்படும். உங்கள் வீட்டு ஓடிபி அன்றிலிருந்து அந்த யாரோ ஒருவருக்கு.

சரி, கொழுந்தனாரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். யுபிஐ ஆப் முதலில் என்ன செய்கிறது தெரியுமா? போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பி, இந்த நம்பர் எந்தக் கணக்கோடு சேர்ந்தது என்று பார்க்கிறது. பிறகு ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், அதே சிம்முக்கு வரும் ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னும் கேட்கும். இவ்வளவுதான், புதிய யுபிஐ பின் தயார். கார்டு வீட்டு அலமாரியில் இருக்கும், பின் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆதாரோடு சேர்ந்ததும் இதே நம்பராக இருந்தால் ஆதார் ஓடிபியும் அங்கேதான் போகும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். கொழுந்தனார் விவரம் தெரியாமல் அந்த நம்பரில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் போதும், துபாயில் உங்கள் கணவருடைய வாட்ஸ்அப் வெளியே தள்ளப்படும். அது அவர் தப்பில்லை, அந்த ஆப் வேலை செய்யும் விதம் அது. சிம் யார் கையில் இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின்னை இன்றைக்கே வைக்கச் சொல்லுங்கள்.

அவர் நல்ல மாதிரி என்கிறீர்கள். எனக்கும் சந்தேகமில்லை. நல்லவரைத்தான் இந்த இக்கட்டில் நிறுத்தக் கூடாது. அவர் போன் பஸ்ஸில் தொலைந்தால், யாரோ அவரை ஏமாற்றி ஓடிபி வாங்கிவிட்டால், பணம் குறைந்த அன்று முதல் பார்வை யார் மேல் விழும்? இந்தப் பக்கத்துக்கு இப்படி வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை திருட்டைப் பற்றியதல்ல. “நான் எடுக்கவில்லை”, “அப்புறம் யார் எடுத்தது” என்று ஆரம்பித்து, தீபாவளிக்குக்கூடப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பிகளைப் பற்றியது.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது உங்கள் அடுத்த வரியில். தனியாக அக்கவுண்ட் இல்லையாம். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட, காய்ச்சலுக்கு மருந்து வாங்க, உங்களுக்கு ஒரு செருப்பு வாங்க, மாதாமாதம் கொழுந்தனார் வாசலில் போய் நிற்பீர்களா? நாளைக்கு அவருக்குக் கல்யாணம் ஆகும். வந்த பெண் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா, இருக்கத்தான் வேண்டுமா? பெண்டாட்டி கையில் காசு நேராகச் சேர வழி செய்யாமல் ஒருவர் விமானம் ஏறினால், அவர் பாதிக் கடமையை ஊரிலேயே போட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் சொல்வேன். இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த வாரமே ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். பான் இல்லாவிட்டால் அதற்குப் பதிலான படிவத்தை வங்கியில் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேளுங்கள். அதில் பதியும் நம்பர் உங்கள் போனில் இருக்கும், உங்கள் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்க வேண்டும். நாமினி பெயரை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அவருடைய கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, வங்கியிடம் சொல்லி என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். துபாய்ச் சம்பளத்தைச் சேமிக்க என்ஆர்இ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது, என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். என்ஆர்இ கணக்கில் உங்கள் பெயரையும் ‘முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் சேர்க்கலாம். ஆனால் அவர் இருக்கும்வரை அவர்தான் இயக்குவார். நீங்களும் எடுக்க வேண்டுமென்றால் தனியாக அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் அமீரக நம்பரை வைத்தே யுபிஐ பதிய 2023 முதல் வழி இருக்கிறது. அவருடைய வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

பணம் அனுப்ப வங்கி ஆப்பும் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் கடைகளும் இருக்கின்றன. கட்டணம் குறைவா என்று மட்டும் பார்க்காதீர்கள். “இத்தனை திர்ஹாம் கட்டினால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்?” என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடத்தில் கேட்கச் சொல்லுங்கள். கட்டணமே இல்லை என்று போர்டு வைத்திருப்பவர் ரேட்டில் எடுத்துக்கொள்வார். திர்ஹாமுக்கு 20 பைசா குறைந்தால் 1,500 திர்ஹாமில் 300 ரூபாய் போச்சு. கட்டணம் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருப்பதால், 500 திர்ஹாமாக மூன்று முறை அனுப்புவதைவிட ஒரே முறை அனுப்புவது மிச்சம்.

முதல் தடவை சின்னத் தொகையாக அனுப்பிப் பார்க்கட்டும். இங்கே வங்கிகள் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கும், பெயர் சரியாக இருந்தும் ஓர் எண் மாறினால் பணம் வேறு வீட்டுக்குப் போகும். வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. ஐந்தாவது பூஜ்யம், ஆங்கில ‘ஓ’ அல்ல.

அங்கே அவர் தங்கும் அறையில் யாராவது உண்டியல் ஆளை, அதாவது வங்கி வழியில்லாமல் கள்ளத்தனமாகப் பணம் அனுப்புகிறவரைக் காட்டுவார்கள். ரேட் கூடுதல், ஐடி வேண்டாம், பணம் ஒரு மணி நேரத்தில் வீட்டில். வேண்டாம். பிடிபட்டால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். அதைவிட மோசம், அந்தப் பணம் முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரலாம். அது சைபர் மோசடிப் பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும். மருந்து வாங்கக்கூட எடுக்க முடியாது.

அந்த நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்து முதல் சம்பளம் விழும்வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மாத வீட்டுச் செலவை உங்கள் புதுக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும். கையில் கொஞ்சம் திர்ஹாமும், வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்த ஏடிஎம் கார்டும் இருக்கட்டும். அங்கே மெஷின் “ரூபாயிலா, திர்ஹாமிலா” என்று கேட்டால் திர்ஹாமை அழுத்த வேண்டும். ரூபாய் என்றால் மோசமான ரேட்டில் மாற்றுவார்கள்.

வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பது உண்மைதான். மெசேஜ், போட்டோ, வாய்ஸ் நோட் போகும், கால்தான் போகாது. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற ஆப்பை அவர் புறப்படும் முன்பே உங்கள் போனிலும் போட்டு, மகளைப் பேச வைத்துப் பாருங்கள். தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் ஆப் போட்டுக் குறுக்கு வழியில் பேச வேண்டாம். அந்த ஊர்ச் சட்டத்தில் விபிஎன்னைத் தப்பாகப் பயன்படுத்தினால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம்.

கொழுந்தனாருக்கு ஒரு நம்பர் வேண்டுமென்றால் அவர் ஆதாரைக் காட்டி அவர் பெயரிலேயே பத்து நிமிடத்தில் புது சிம் வாங்கலாம். முதல் ரீசார்ஜ் உங்கள் செலவாக இருக்கட்டும்.