வக்கீலாக இருந்து எம்.பி. ஆனவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

எனக்கு மலேசிய எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்த கர்ப்பால் சிங். நான் பினாங்குக்காரன், அதனால் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

1940இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்த பஞ்சாபி. சிங்கப்பூரில் சட்டம் படித்து 1969இல் வக்கீலானார். அந்த வருஷம்தான் மே 13 இனக்கலவரம். அடுத்த வருஷமே எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சியில் (ஜ.செ.க.) சேர்ந்துவிட்டார். 1978இல் ஜெலுத்தோங் எம்.பி.யானவர், 1999இல் தோற்கும்வரை அந்தத் தொகுதியை விடவில்லை. 'ஜெலுத்தோங் புலி' என்ற பட்டம் வந்த கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுங்கூட்டணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு தன்னைச் சிங்கம் என்று சொல்லிக்கொள்ள, சரி, அவர் சிங்கமாகவே இருக்கட்டும், மலேசியாவில் சிங்கமே கிடையாது, புலிதான் உண்டு, நான் புலி என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார் இவர்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வாய் சாமர்த்தியம் இல்லை. மற்றவர்கள் ஆளைப் பார்த்துப் பேசும் இடத்தில் இவர் சட்டப் பிரிவைப் பார்த்துப் பேசுவார். அதில் சொந்தக் கூட்டணிக்கும் சலுகை கிடையாது. 2008இல் ஆளுங்கட்சி எம்.பி.க்களை இழுத்து ஆட்சியைப் பிடிக்க எதிரணித் தலைவர் அன்வார் இப்ராஹிம் முயன்றபோது, கட்சித் தாவல் யார் செய்தாலும் தப்புதான் என்று எதிர்த்தார். இத்தனைக்கும் 1999இல் அதே அன்வாருக்காக நீதிமன்றத்தில் வாதாடியபோது சொன்ன வார்த்தைக்காகத்தான் இவர்மேல் தேச நிந்தனை வழக்கே வந்தது. பிறகு அந்த வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் கைது வேட்டை. நூறு பேருக்கு மேல் ஐ.எஸ்.ஏ.வில், அதாவது விசாரணையில்லாமல் தடுத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், உள்ளே போனார்கள், இவரும் போனார். உள்ளே இருந்தபடியே ஆட்கொணர்வு மனு போட்டார். தடுத்துவைக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று உண்மையே இல்லை என்பது வெளிப்பட்டு, 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே, சில மணி நேரத்துக்குள், மறுபடியும் கைது! கடைசியில் வெளியே வந்தது 1989 ஜனவரியில். வேறொருவராக இருந்தால் நீதிமன்றமாவது மண்ணாவது என்று போயிருப்பார். இவர் அடுத்த வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். 2005இல் டாக்சி விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் நீதிமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார். அப்போது புக்கிட் குளுகோர் எம்.பி.

அப்புறம் பேரா விவகாரம். 2009இல் பேரா மாநில ஆட்சி கவிழ்ந்தபோது, முதல்வரை நீக்கிய பேரா சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றார். ஒரு வக்கீல் சொல்லும் சாதாரணக் கருத்துதான் இது. அந்த சுல்தானே ஒரு காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர்! ஆனாலும் தேச நிந்தனை வழக்குப் பாய்ந்தது. முதலில் உயர் நீதிமன்றம் விடுவித்தது, மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்தது, 2014 மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். நம் அரசியலமைப்பில் 2,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ அபராதம் என்றால் எம்.பி. பதவி போய்விடும். அவர் மேல்முறையீடு செய்தார், கட்சித் தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகினார்.

அடுத்த மாதம், ஏப்ரல் 17 அதிகாலை, ஒரு வழக்குக்காகப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தபோது கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் இறந்தார். கூட வந்த உதவியாளரும் போய்விட்டார். கர்ப்பாலுக்கு வயது 73.

மனைவி மேல்முறையீட்டை விடவில்லை. 2016இல் அபராதம் 1,800 ரிங்கிட்டாகக் குறைந்தது. அதாவது, உயிரோடு இருந்திருந்தால் பதவி தப்பியிருக்கும்! அதற்குள் புக்கிட் குளுகோரில் மகன் ராம்கர்ப்பால் எம்.பி.யாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தோடும் விடாமல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம்வரை போனார்கள். 2019இல் குற்றமே இல்லை என்று தீர்ப்பு வந்தது.