கிராமத்து வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு எடுக்கலாம்: ஃபைபரா, 5ஜி ரவுட்டரா, சாட்டிலைட்டா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஊரை விட்டுத் தள்ளி ஒரு தனி வீடு. வீட்டிலிருந்தே வேலை, தினமும் இரண்டு மூன்று வீடியோ கால். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. மூன்று பேர் மூன்று திட்டத்தோடு வந்து, மூன்று பேருமே '100 எம்பிபிஎஸ் வேகம்' என்கிறார்கள். யாரை நம்புவது?

அந்த 100ஐ முதலில் மறந்துவிடுங்கள். நகரத்தில் திட்டத்தைப் பார்த்து இணைப்பு எடுக்கலாம், ஏனென்றால் நாலு பேருடைய கேபிளும் வாசலுக்கு வந்திருக்கும். தள்ளியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. அவர்களுடைய கடைசிக் கம்பத்துக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? எத்தனை மீட்டர், எத்தனை மரம், அறுந்தால் யார் வருவார்? நான் கடந்த சில வருடங்களில் 4ஜி ரவுட்டர், கூரை மேல் வைக்கும் வயர்லெஸ் தட்டு, ஃபைபர் என்று மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவன். மூன்றுமே என்னைக் கைவிட்ட நாள் உண்டு. ஒருமுறைகூட அதற்குக் காரணம் திட்டத்தின் வேகம் இல்லை.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? இருவர் பேசும் 720பி ஜூம் அழைப்புக்கு இரு திசையிலும் 1.2 எம்பிபிஎஸ் போதும், 1080பி என்றால் 4க்குள். நெட்ஃபிளிக்ஸ் 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 கேட்கிறது. நீங்கள் வீடியோ காலில், மகள் வகுப்பில், கூடத்தில் டிவியில் படம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் டவுன்லோட் 25, அப்லோட் 5 தாராளம். ஆனால் அது இரவு ஒன்பது மணிக்கும் அப்படியே இருக்க வேண்டும். விற்க வருபவர் அப்லோடைப் பற்றிப் பேசவே மாட்டார். நீங்களாகக் கேளுங்கள். வீடியோ காலில் உங்கள் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் அப்லோட் குறைவதால்தான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபைபர் வாசல் வரை வருமென்றால் அதற்குத்தான் என் முதல் ஓட்டு. வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபரில் ஒரே இழையில் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ் டவுன்லோட் வருகிறது, அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த இழையில் தகவலைச் சுமந்து வரும் வெளிச்சம் 20 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் வந்துவிடும், ஆகவே தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை கடைசி முன்னூறு மீட்டரில்தான். என் வீட்டுக்கு இழுத்தபோது கம்பம் நட மனமில்லாமல் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். முதல் பெருங்காற்றில் அறுந்தது, ஒட்டினார்கள். அடுத்து ஒரு லாரி இழுத்துக்கொண்டு போனது, ஒட்டினார்கள். மூன்றாவது முறை அணில் கடித்தது. ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் சிந்தும். கடைசியாக வந்த பையன் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரைச் செருகிக் காட்டினார்: மைனஸ் 29. மைனஸ் கூடக் கூட வெளிச்சம் குறைவு. இந்த வகைப் பெட்டிக்கு மைனஸ் 27தான் எல்லை, நல்ல லைன் என்றால் மைனஸ் 15க்கும் 25க்கும் நடுவில் இருக்கும். "அண்ணே, இது பார்க்கிற நேரம் ஓடும், பார்க்காத நேரம் நின்னுடும்" என்றார். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற, வெளிச்சம் வரவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

அதனால் ஃபைபர்காரரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி எந்தக் கம்பத்தில் இருக்கிறது, அங்கிருந்து என் வீடு வரை கேபிள் எதன் மேல் வரும், அறுந்தால் ஒட்டும் மெஷினோடு வருபவர் எங்கே இருக்கிறார். மெஷின் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நாலு நாள் இணையம் இல்லாமல் இருக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதே லைனில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வீட்டில் போய் 'கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் வந்தார்கள்' என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கிடைக்காத தகவல் அந்த இரண்டு பதிலில் கிடைத்துவிடும்.

ஃபைபர் இல்லையா? அப்படியென்றால் 4ஜி, 5ஜி ரவுட்டர். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் புத்தியோடு செய்தால் அதிகம் ஜெயிக்க முடிவதும் இதில்தான்.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். நாலு கோடு என்றால் என்ன அளவு என்பது ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஐபோன் என்றால் *3001#12345#* என்று டயல் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பல போன்களில் *#*#4636#*#* வேலை செய்யும், இல்லாவிட்டால் சிக்னல் காட்டும் இலவசச் செயலி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஆர்எஸ்ஆர்பி என்று, டவரிலிருந்து வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் வரும், மைனஸில் இருக்கும். மைனஸ் 80 என்றால் பிரமாதம், மைனஸ் 100 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் சிக்னல். பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று இருக்கும். அது இரைச்சலோடு ஒப்பிட்ட அளவு: 20க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பேச்சே இல்லை.

நான் முதலில் ரவுட்டரை அடுப்படிச் சுவரில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காரணம், அங்கேதான் ப்ளக் இருந்தது. எண் மைனஸ் 112. அப்லோட் ஒன்றைத் தொடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். மாடி ஜன்னலில் மைனஸ் 96. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கம் 97, அதையே சுற்றி மறுபக்கம் வந்தால் 88. நடுவில் இருந்தது அந்தத் தொட்டி மட்டும்தான். அங்கேயே ஒரு குழாயை நிறுத்தி, வெளியில் வைக்கும் ரவுட்டர் ஒன்றை டவரைப் பார்த்து மாட்டியதும் மைனஸ் 84க்கு வந்து நின்றது. இந்த எண்ணில் மூன்று ஏறினால் சக்தி இரட்டிப்பு என்று அர்த்தம். அந்தக் கணக்கில் 112லிருந்து 84க்கு வந்தது சுமார் 600 மடங்கு. சிம்மும் அதேதான், திட்டமும் அதேதான், அப்லோட் மட்டும் 9க்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து, மெல்லிய கோஆக்ஸ் கேபிளை பத்து மீட்டர் கீழே இறக்கி ரவுட்டரில் செருகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தக் கேபிளுக்குள்ளேயே பாதிக்கு மேல் சிக்னல் செத்துவிடும். ரவுட்டரே மேலே இருக்கட்டும். கீழே லேன் கேபிள் மட்டும் வரட்டும், அது 100 மீட்டர் வரை நஷ்டமில்லாமல் வரும், மின்சாரத்தையும் அதிலேயே அனுப்பலாம்.

அப்புறம் போன் திரையில் '5ஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி பறக்கும், ஆனால் தூரம் போகாது, சுவரைத் தாண்டவே திணறும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பல கிலோமீட்டர் வரும், ஆனால் வேகம் மட்டு. டவரிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் ஒழுங்கான 4ஜி நோஞ்சான் 5ஜியைத் தோற்கடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ரவுட்டர் செட்டிங்கில் 4ஜிக்கு மட்டும் பூட்டிவைத்துச் சோதித்துப் பாருங்கள். எந்த நிறுவனம் என்ற கேள்விக்கும் பதில் இப்படித்தான் கிடைக்கும்: கிடைக்கிற எல்லா சிம்மையும் ஒரே போனில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில் நின்று, மதியம் ஒருமுறையும் இரவு ஒன்பதுக்கு ஒருமுறையும், மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் 40 காட்டிவிட்டு இரவில் 3 காட்டும் டவர் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ஆன்டெனா மாற்றியும் பயனில்லை, ஊரே அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டேட்டா அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி வரை போகும். தினம் இரண்டு மணி நேரம் டிவி என்றாலே மாதம் 180 ஜிபி. 'அன்லிமிடெட்' என்று பெரிதாகப் போட்டு, இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

கூரை மேல் தட்டு வைத்து எதிரே உள்ள கோபுரத்தோடு பேசும் வயர்லெஸ் இணைப்பு நன்றாகவே ஓடும், ஆனால் தட்டிலிருந்து கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு நூல் மாதிரி போவதில்லை, நடுவில் உப்பிய வெள்ளரிக்காய் மாதிரி போகும். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு, 5.8 ஜிகாஹெர்ட்ஸில், நடுவழியில் அந்த உப்பலின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். எனக்கு மாட்டிய அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் நடுவில் இருந்த தோப்பு வளர்ந்துவிட்டது. வெயில் நாளில் ஓடும், இலை நனைந்தால் படுத்துவிடும். அடுத்தவர் தோப்பு, வெட்டச் சொல்ல முடியுமா? விட்டுவிட்டேன். பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதை யோசிக்கவே வேண்டாம்.

சாட்டிலைட்டில் இரண்டு சாதி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் கேட்டது மேலே போய்க் கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர, ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகிவிடும். நடைமுறையில் பிங், அதாவது கேட்டுப் பதில் வர ஆகும் நேரம், 600 மில்லிநொடிக்கு மேல். படம் பார்க்கலாம், மின்னஞ்சல் பார்க்கலாம், ஆனால் வீடியோ காலில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க' என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வேலைக்கு அது ஆகாது. புதிய வகையான ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, பிங் பெரும்பாலும் நூறுக்குள். வீடியோ காலுக்கு இது தாராளம். என் தம்பி வேலை பார்க்கும் இடத்தில் அதுதான், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு துண்டாகும். அவர்களுடைய செயலியில் கேமராவை வானத்தில் காட்டினால் எங்கே மறைக்கிறது என்று வரைந்து காட்டும், வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கனமழையில் கொஞ்சம் தடுமாறும். உங்கள் நாட்டில் விற்க அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்குப் புரிவதே இல்லை. ஃபைபர் பெட்டி பத்து வாட் சொச்சம்தான் இழுக்கும், 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று மூன்று நாலு மணி நேரம் தாங்கும். தாழ்வாகச் சுற்றும் சாட்டிலைட்டின் வழக்கமான தட்டு 75 முதல் 100 வாட் இழுக்கிறது, அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். மொபைல் டவருக்கும் பேட்டரிதான். உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும், மின்சாரம் போன சில மணி நேரத்தில் டவர் படுத்துவிடலாம். இடி மின்னல் வேறு: ஃபைபர் கண்ணாடி, மின்னலைக் கடத்தாது. ஆனால் அதைத் தொங்கவிடக் கூடவே வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிச் சுவரிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மொபைல், சாட்டிலைட் இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடைக்காது, பல பேர் ஒன்றையே பகிர்வார்கள். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறந்து பார்க்கும் திட்டம் இருந்தால் இதை முன்னாலேயே கேளுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் என்ன செய்வேன்? ஒட்டும் ஆள் பக்கத்தில் இருந்தால் ஃபைபர், கூடவே மாடியில் ஒரு 4ஜி ரவுட்டர், அதில் குறைந்த திட்டத்தில் ஒரு சிம். ஆள் இல்லையென்றால் 4ஜியை முதலில் வைத்து, சிக்னல் மைனஸ் 105க்கு மேலே வரவே மாட்டேன் என்றால் தாழ்வாகச் சுற்றும் சாட்டிலைட். இரண்டாவது இணைப்பு எடுக்கும்போது அது வேறு வழியில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு நிறுவனத்தின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால், லாரி இரண்டையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், அதில் ஒரு மழைக்காலமாவது வந்து போகட்டும். மாட்ட வருபவரை மோடம் பக்கத்திலேயே நின்று வேகம் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்கள். என் வீட்டில் அப்படிச் செய்தபோது அவரே மறுபேச்சில்லாமல் வண்டியிலிருந்து இன்னும் பதினைந்து மீட்டர் கேபிள் எடுத்துவந்தார்.