ரோஸ்டரும் (பணி அட்டவணை) தூக்கமும்: ஓய்வு பெற்ற கேப்டனிடம் சில கேள்விகள்

(2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதை ஒட்டி வந்த கேள்விகள்.)

செல்வி: பைலட் ஓய்வு விதி திடீரென்று மாறியதால்தான் ஆள் பற்றாக்குறை என்கிறார்களே சார்?

திடீரென்று இல்லை அம்மா. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அந்த விதியை வெளியிட்டது 2024 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் அமலாக வேண்டியது தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக வந்தது. மற்ற நிறுவனங்களுக்கும் இதே விதிதான். அவை இப்படிப் படுத்துவிடவில்லை.

முருகேசன்: விதியில் அப்படி என்ன மாறியது?

வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. பெரிய மாற்றம் இரவில்தான். நள்ளிரவு முதல் காலை 6 மணிவரையிலான நேரத்தைத் தொடும் ஒரு பணியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்தது இரண்டாகக் குறைந்தது. 12.40க்கு ஓர் ஊரில் இறங்கி, உடனே கிளம்பி 2.50க்கு இன்னோர் ஊரில் இறங்கினால் அந்தப் பணியின் கணக்கு முடிந்தது. இரவில் நிறைய விமானம் விடுகிறவர்களுக்குக் கூடுதல் பைலட் வேண்டும் என்பது கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

அதிகாலை 3 மணிக்குக் கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தைச் சொல்லும். நாம் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அந்த எண் மறந்துபோகும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவருக்கும் சந்தேகம். இதைத்தான் களைப்பு என்கிறோம், சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அருண்: ஆளை உடனே எடுக்க முடியாதா?

முடியாது தம்பி. லைசென்ஸ் வாங்கியவருக்கும் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி), லைன் ட்ரெய்னிங் (பயணிகள் விமானத்தில் பயிற்சியாளருடன் பறந்து பழகுவது) என்று பல மாதம் ஆகும். கேப்டன் ஆக குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 2017 விதிப்படி, வேலையை விடும் கேப்டன் ஒரு வருடம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அவர் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிர்வாகம் மட்டும் கடைசி நேரத்தில் விழிக்கலாம் என்றால் கோபம் வராதா?

ஃபாத்திமா: அரசு விலக்கு கொடுத்ததே, அதில் என்ன குறை?

இரவு விதிகளில் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. அதோடு, லீவை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற விதியையும் எல்லோருக்கும் திரும்பப் பெற்றார்கள். அதாவது தங்கை கல்யாணத்துக்கு லீவு எடுத்து, பந்தலிலும் பந்தியிலும் ஓடியாடிய நாட்களையே ஓய்வு என்று எழுதிவிடலாம். எனக்கு இதுதான் ரொம்ப வலித்தது. திட்டமிடத் தவறியவர்களின் சுமையைப் பைலட்டின் உறக்கத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

குமார்: களைப்பாக இருந்தால் பறக்க மாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னவரை அலுவலகத்துக்கு அழைத்துக் குடைந்தால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். களைப்புப் புகார்களின் அறிக்கையை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தர வேண்டும் என்று புது விதி சொல்கிறது. எத்தனை புகார் வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது என்பதைப் பயணிகளும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.