பழைய மிட்சுபிஷி எக்லிப்ஸும் புது எக்லிப்ஸ் கிராஸும் ஒன்றா?

இல்லை. எக்லிப்ஸ் ஒரு கூபே கார்: இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின்சீட் பேருக்குத்தான். 1989 முதல் 2011 வரை அமெரிக்காவின் இல்லினாயில் தயாரானது. 2017-இல் வந்த எக்லிப்ஸ் கிராஸ் ஒரு கிராஸ்ஓவர். அதாவது ஜீப் போல உயர்ந்து நிற்கும், ஆனால் கார் போலவே கட்டப்பட்ட ஐந்து கதவு வண்டி. (பெயர் கிரகணத்தைக் குறிப்பதல்ல, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோற்றே அறியாத ஒரு பந்தயக் குதிரையின் பெயர்.)

ஓட்டும்போது தெரியும் வித்தியாசத்துக்குக் காரணம் உயரம். கிராஸ் சுமார் 1.68 மீட்டர், கூபே அதைவிட ஓர் அடிக்கு மேல் குள்ளம். தலையில் தண்ணீர்க் குடத்தோடு சட்டென்று திரும்பிப் பாருங்கள், உடம்பு தள்ளாடும். அதே குடம் இடுப்பில் இருந்தால் அவ்வளவு ஆட்டம் இல்லை. எடை தாழ்வாக இருக்கும் கூபே வளைவில் தரையோடு ஒட்டிப் போவது இதனால்தான்.

சரி, குடும்பத்துக்கு எது? யோசிக்கவே வேண்டாம், கிராஸ்தான். முட்டி வலிக்காரர் கூபேயில் உட்கார்ந்து எழுந்தால் புரியும்!

'கிராஸிலும் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் கருவி) இருக்கிறதே, அதே வேகம்தானே' என்பார்கள். அமெரிக்காவில் விற்ற கிராஸின் 1.5 லிட்டர் டர்போ 152 குதிரைத்திறன். தொண்ணூறுகளின் டர்போ எக்லிப்ஸ் 210 வரை.