டாக்டர்கிட்ட கேளுங்க: பூஞ்சை ஒட்டாத பிளாஸ்டிக் நெஜமாவே இருக்கா?

கேள்வி: எங்க அப்புச்சிக்கு தொண்டை கேன்சர்ல குரல்வளைய எடுத்துட்டு பேசறதுக்கு ஒரு சின்ன வால்வு வச்சிருக்காங்க. வச்சு நாலு மாசம் கூட ஆகல, தண்ணி குடிச்சாலே இருமல், பூஞ்சை புடிச்சிருச்சு மாத்தணும்ங்கறாங்க. எங்க ஊர்ல மழைக்காலத்துல பீரோல மாட்டுன பெல்ட்டுல கூட பூசணம் பூக்குமுங்க, இதுவும் அதானா? பூஞ்சை ஒட்டாத பிளாஸ்டிக் வந்துருச்சுன்னு பையன் சொல்றான், கிடைக்குங்களா?
- ஏற்காடு வாசகி

பதில்: பாவம், ஏற்காட்டு பனி மேல பழி போடாதீங்கம்மா. வால்வுல ஏறுறது பெரும்பாலும் கேண்டிடான்னு ஒரு ஈஸ்ட், அது உங்க வாய்லயும் என் வாய்லயும் ஏற்கனவே குடியிருக்கு, அப்புச்சிய கீழ சேலத்துல கொண்டுபோய் வச்சாலும் இதேதான் நடக்கும். வால்வு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல இருக்கு, சிலிகான்ல செஞ்சது, சூடு இருக்கு ஈரம் இருக்கு சாப்பாடும் அத உரசிக்கிட்டுதான் போகுது, முதல்ல கொஞ்சம் செல்லு வந்து ஒட்டும், அப்புறம் நூல் விட்டு படர்ந்து மேல வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கும், பயோஃபிலிம்னு சொல்வாங்க. இந்த படலம்தான் வில்லன். மாத்திரை மருந்து அந்த வழவழப்புலயே மாட்டிக்கிட்டு உள்ள இருக்கற செல்லுக்கு சரியா போய்ச்சேராது. வால்வோட மூடி முழுசா மூடாம போக, குடிச்ச தண்ணி மூச்சுக்குழாய்ல சொட்டும், அதான் இருமல்.

ஆஸ்பத்திரில ஒரு டம்ளர் பால குடிக்கச் சொல்லிட்டு கழுத்து ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பார்ப்பாங்க, வெள்ளையா வால்வுக்கு நடுவுல சொட்டுனா மூடி கெட்டிருக்கு, பூஞ்சைதான் வழக்கமான காரணம், வால்வ சுத்தி ஓரமா கசிஞ்சா அது சைஸ் பிரச்சனை, ரெண்டுக்கும் வைத்தியம் வேற. எதுன்னு கேட்டுக்கங்க. நாலு மாசத்துல மாத்தறது சகஜம், நீங்க கவனிக்கலைன்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

பையன் சொன்னதுல பாதி கரெக்ட். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரங்க நூத்துக்கணக்கான அக்ரிலேட் பிளாஸ்டிக்க வரிசையா வச்சு எதுல பூஞ்சை ஒட்ட மாட்டேங்குதுன்னு தேடி, 2020-ல முடிவ வெளியிட்டாங்க. இதுல எனக்கு புடிச்சது என்னன்னா அந்த பிளாஸ்டிக் பூஞ்சைய கொல்லறதே இல்ல, கால் ஊன இடம் குடுக்கறதில்ல, அவ்ளோதான். அதையே 3டி பிரிண்டர்ல போட்டு உங்க அப்புச்சிக்கு இருக்கற மாதிரி வால்வோட பாகமும் செஞ்சு காட்டினாங்க. ஆனா அது ஆய்வகத்துல செஞ்சது, கடை சரக்கு இல்ல. இப்பவே விலைக்கு கிடைக்கறதுன்னா புரோவாக்ஸ் ஆக்டிவால்வ்னு ஒண்ணு இருக்கு, அதோட மூடி நான்ஸ்டிக் தவால பூசறாங்களே அந்த டெஃப்ளான் குடும்பத்து பிளாஸ்டிக், பூஞ்சை லேசுல புடிக்காது. விலைதான் சாதா வால்வ விட நல்லாவே ஜாஸ்தி. திரும்பத் திரும்ப சீக்கிரமே கெட்டுப்போறவங்களுக்குத்தான் அத யோசிக்கணும், அடுத்த தடவ மாத்தும்போது கேட்டுப்பாருங்க. அதுவரைக்கும் குடுத்த குட்டி பிரஷ்ஷால தினமும் சுத்தம் பண்ணுங்க.

கேள்வி: ஒட்டாம பண்றதெல்லாம் எதுக்கு சார், பூஞ்சைய கொல்ற மருந்தையே பிளாஸ்டிக்ல கலந்துட்டா முடிஞ்சுது?
- செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: கலக்கறாங்க, சில்வர் சேர்த்த டியூப்பு, வால்வெல்லாம் இருக்கு. ஆனா மருந்து கசிஞ்சு கசிஞ்சு தீர்ந்துபோகும், போறப்ப கடைசில கொஞ்சூண்டு மருந்துல தப்பிச்ச பூஞ்சை அதுக்கு பழகிக்கற ஆபத்தும் இருக்கு. நம்ம செல்லும் பூஞ்சை செல்லும் அமைப்புல ரொம்ப நெருக்கம், அதனால அத மட்டும் கொல்ற மருந்தே கைல கம்மி. 2009-ல ஜப்பான்ல ஒரு பாட்டி காதுல கண்டுபிடிச்ச கேண்டிடா ஆரிஸ் இப்ப பல மருந்துக்கும் அடங்கறதில்ல, 2022-ல உலக சுகாதார நிறுவனம் போட்ட ஆபத்தான பூஞ்சை லிஸ்ட்ல முதல் வரிசைல வச்சிருக்கு. இருக்கற மருந்தையும் பிளாஸ்டிக்ல கரைச்சு வீணாக்கணுமா?

கேள்வி: அம்மாவுக்கு பல் செட்டுக்கு அடில மேலண்ணம் செக்கச்செவேல்னு இருக்கு, வலி இல்லைங்கறாங்க.
- அம்மாபேட்டை வாசகி

பதில்: அதுவும் கேண்டிடாவா இருக்க சான்ஸ் ஜாஸ்தி. ராத்திரி செட்ட கழட்டி தண்ணில போட்டுட்டு தூங்கச் சொல்லுங்க. பேஸ்ட், பல்பொடி வேண்டாம், அக்ரிலிக்ல கீறல் விழுந்தா பூஞ்சைக்கு அதுதான் வசதி, சாஃப்ட் பிரஷ்ஷும் சோப்பும் போதும். கொதிக்கிற தண்ணியும் கூடாது, செட் வளைஞ்சுக்கும். சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு பல் டாக்டர பாருங்க.