மோர்ஸின் நண்பர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போன எட்வர்ட் மோர்ஸுக்கும் ஜப்பானியருக்கும் இருந்த நட்பு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நல்ல சம்பளத்தில் அமர்ந்த அமெரிக்கப் பேராசிரியரிடம் ஜப்பானியர் மரியாதையாக நடந்துகொண்டதை நட்பு என்று சொல்லலாமா? ஐயாயிரம் ஜப்பானிய மண்பாண்டங்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியவர் அல்லவா அவர்?

ர.

அன்புள்ள ர.,

சம்பளம் உண்மைதான். 1877இல் கடலுயிர்களை ஆராய வந்தவரை, அவ்வாண்டே தொடங்கப்பட்டிருந்த டோக்கியோ பல்கலைக்கழகம் விலங்கியல் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. ரயில் ஜன்னல் வழியே ஓமோரியின் கிளிஞ்சல் மேட்டை (பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகளின் குவியல்) அவர் கண்டுபிடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேராசிரியரை விட்டுவிடுங்கள். நான் நட்பு என்று எழுதியது அவர் மாணவராகப் போய் உட்கார்ந்த வீடுகளை வைத்து.

நினாகவா நொரிதானே பழம்பொருள் அறிஞர். வாங்கிய பானைகளைத் தூக்கிக்கொண்டு மோர்ஸ் அவர் வீட்டுக்குப் போவார். எது எந்தச் சூளையில் சுட்டது, எது பழசு, எது போலி என்று அவர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். இந்தப் பித்துக்கே தொடக்கம், கடையில் கண்ட சிப்பி வடிவச் சிறு தட்டு ஒன்றுதான். (சிப்பி ஆராய்ச்சிக்காரர் வேறு எதில் விழுவார்!)

1883இல், ‘நோ’ என்னும் ஜப்பானின் மரபு இசை நாடகக் கலைஞர் உமேவாகா மினோருவிடம் பாட்டுப் படித்தார். வயது நாற்பத்து நான்கு. பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, ஆசான் ஒரு வரி பாட அதையே திருப்பிப் பாட வேண்டும். நாற்காலியில் வளர்ந்த கால்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! சம்பளத்துக்காக யாரும் அவரை அங்கே உட்காரவைக்கவில்லை. பேராசிரியர் வேலையை விட்டே சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ பல்கலைக்கழக நூலகம் எரிந்துபோனது. அமெரிக்காவில் முதுமையில் இருந்த மோர்ஸ் தன் நூல்கள் எல்லாம் அங்கே போகவேண்டும் என்று உயிலை மாற்றி எழுதினார்.

பானைகள் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. விலைகொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் 1868இல் பேரரசர் ஆட்சி திரும்பிய மெய்ஜி மாற்றத்தில் நொடித்துப்போன சாமுராய்ப் போர்வீரக் குடும்பங்கள் வீட்டுப் பொருளை விற்ற காலம் அது. பேரம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1892இல் அத்தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. நினாகவா 1882இலேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் தன் மாணவரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நானும் யோசித்ததுண்டு.