இருநூறில் ஒரு குரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஓர் அமெச்சூர் சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ (பெண்குரல்களில் தாழ்ந்த பகுதி) வரிசையில் பாடிவருகிறேன். முறையான பயிற்சி கிடையாது. ஐந்து கோடுகளில் இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டே கற்றுக்கொள்கிறேன்.

இந்தக் கோடையில் எங்கள் குழு ஒரு சேர்ந்திசை விழாவில் கலந்துகொள்கிறது. பல ஊர்க் குழுக்கள் ஒன்றுகூடி மூன்று நாள் ஒத்திகை பார்த்து, நான்காம் நாள் மாலை ஒரு பேராலயத்தில் இறந்தோருக்கான வழிபாட்டு இசையான மொசார்ட்டின் ரெக்வியத்தை இருநூறு பேராகப் பாடவிருக்கிறோம். இதற்கு நாங்கள்தான் கட்டணம் செலுத்துகிறோம். இதைக் கேள்விப்பட்ட என் நண்பர், “காசு கொடுத்து மேடை ஏறுவது கலை அல்ல, சுற்றுலா. அந்த இடம் தேர்ந்த பாடகர்களுக்கு உரியது” என்றார். அவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. இருநூறு பேரில், அவ்வளவு பெரிய கட்டடத்தில், என் குரல் யாருக்காவது கேட்குமா? கேட்காது என்றால் நான் அங்கே எதற்கு?

அன்புடன்
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாத்தியக் குழுவுக்கும் தனிப்பாடகர்களுக்கும் இடத்துக்கும் யாராவது பணம் தந்தாக வேண்டும், அதைப் பாடுபவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. காலை நடைக்குச் செல்பவர் தன் செருப்பைத் தானே வாங்கிக்கொள்வதை நாம் குறைவாக நினைப்பதில்லையே.

பேராலயம் தேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியது என்ற கூற்றைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர், ஹெரஃபோர்ட், வூஸ்டர் என்ற மூன்று பேராலய நகரங்கள் முறைவைத்து நடத்தும் ‘த்ரீ கொயர்ஸ்’ விழா ஏறத்தாழ 1715 முதல், போர்க்காலம் போன்ற இடைவெளிகள் தவிர, தொடர்ந்து நடந்துவருகிறது. மூன்று பேராலயங்களின் பாடகர்கள் கூடிப் பாடியதில் தொடங்கிய அந்த விழாவின் பெரிய சேர்ந்திசைக் குழு இன்று அந்த ஊர்களின் தன்னார்வப் பாடகர்களால் ஆனது. வேலைக்குப் போய்வந்து, மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்கள் அவர்கள்.

நொட்டேஷன் படிக்கத் தெரியாததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் கடைப் பணியாளர்களும் ஹாண்டலின் நீண்ட சேர்ந்திசைப் படைப்பான மெசையாவைப் பாடக் கற்றுக்கொண்டபோது அவர்களில் பலருக்கும் இதே நிலைதான். நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கிய முறையை எடுத்து ஜான் கர்வென் என்ற போதகர் பரப்பிய டானிக் சோல்ஃபா, ஐந்து கோடுகளுக்குப் பதிலாக டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதியது. அதில் டோ நம் ஷட்ஜத்தைப் போலவே எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளத்தக்கது. சரிகம படித்த ஒருவருக்கு அந்த முறை ஒரு மாலையில் புரிந்துவிடும். அதே காலத்தில் நொவெல்லோ பதிப்பகம் பெரிய படைப்புகளைப் பாடுவதற்கான இசைப் பிரதிகளை மலிவு விலையில் அச்சிட்டது. எழுதப்பட்ட நாட்களில் தேர்ந்தவர்கள் சிலர் பாடிய இசை, பயிலாதவர்கள் பலர் பாடும் இசையாக மாறியது இப்படித்தான். உங்கள் நண்பர் சுற்றுலா என்று எதைச் சொல்கிறாரோ, அது அவர் நினைப்பதைவிட மிகவும் பழைய ஏற்பாடு.

இனி, உங்கள் குரல் கேட்குமா என்ற கேள்வி. கேட்காது. கேட்டால் ஏதோ தவறு நடக்கிறது என்று பொருள்.

தேர்ந்த ஒரு பாடகியின் குரலை ஒலிப்பதிவு செய்து, அதையே இருநூறு பிரதிகள் எடுத்து, இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பது சேர்ந்திசை அல்ல, அதே ஒற்றைக் குரலின் உரத்த வடிவம் மட்டுமே. ஒருவர் சுருதியில் மயிரிழை மேலேயும் இன்னொருவர் மயிரிழை கீழேயும் நிற்க, ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி முந்தியும் மற்றவர் பிந்தியும் தொடங்க, இந்தச் சிறு விலகல்கள் எல்லாம் உரசிக்கொள்ளும்போதுதான் குழுவுக்கே உரிய அந்த மினுமினுக்கும் ஒலி பிறக்கிறது. மின்னணு விசைப்பலகைகளில் ‘கோரஸ்’ என்றொரு பொத்தான் இருக்கும். அது செய்வது, ஒரே ஒலியின் பிரதிகளைச் சற்றே தாமதப்படுத்தி, சற்றே சுருதி பிசகச் செய்து கலப்பதுதான். ஆக, பயிற்சியற்ற உங்கள் குரலின் நுண்ணிய விலகல் அங்கே பொறுத்துக்கொள்ளப்படும் ஒன்றல்ல, அந்த ஒலியின் மூலப்பொருளே அதுதான். மூச்சு விஷயமும் அப்படியே. எந்தத் தனிப்பாடகராலும் இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க முடியாத நீண்ட கார்வையை, அடுத்தடுத்து நிற்பவர்கள் வெவ்வேறு கணங்களில் மூச்செடுத்துக்கொள்வதால், ஒரு குழு எவ்வளவு நேரமும் பிடித்திருக்க முடிகிறது.

ஆனால் இந்தச் சலுகை சிறு விலகல்களுக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு தாள அடி முன்னதாக நுழையும் குரல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கட்டடத்தின் மறுகோடி வரை கேட்கும். நான் ஒருமுறை பேராலயம் ஒன்றில் பிற்பகல் ஒத்திகையைப் பின்வரிசை மர இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதே ரெக்வியம்தான். முதல் பகுதியில் ‘லூச்சேயாத் ஏயிஸ்’ என்று முடியும் லத்தீன் வரி வந்தது. கடைசி ‘ஸ்’ஸை நூறு பேர் நூறு வேறு கணங்களில் உச்சரித்ததில், சூடான கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சீறல் எழுந்து தூண்களுக்கிடையே நெடுநேரம் ஊர்ந்துகொண்டிருந்தது. இசை நடத்துநர் கோபப்படவில்லை. முன்வரிசையில் ஆறு பேரைக் கைகாட்டி, “இனி ‘ஸ்’ உங்களுக்கு மட்டும், மற்றவர்கள் ‘ஏயி’யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்றார். மறுமுறை அந்தச் சொல் ஒற்றை வாயிலிருந்து வந்ததுபோல முடிந்தது. உயிரெழுத்துகளைக் கட்டடம் பார்த்துக்கொள்ளும், மெய்யெழுத்துகளுக்குப் பாடுபவர்தான் பொறுப்பு என்று அன்று எனக்குப் புரிந்தது.

அந்தக் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் முதல் நாள் திகைப்பு குறையும். லண்டன் புனித பவுல் பேராலயம் காலியாக இருக்கும்போது, எழுப்பிய ஒலி அடங்க 8 விநாடிகளுக்கும் மேல் ஆகும். கல்லும் கண்ணாடியும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பியனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், தேவாலயங்களில் குழல்களால் ஒலிக்கும் ஆர்கன் வாத்தியத்தின் குழல் ஒன்றையும் கடிகாரத்தையும் இருக்கை மெத்தைகளையும் வைத்துக்கொண்டு, இரவு நேரங்களில், எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்று அளந்தார். மனித உடலும் அதன்மேல் இருக்கும் துணியும் நன்றாக உறிஞ்சுபவை. எனவே காலிக் கூடத்தில் குழம்பலாகக் கேட்டது கூட்டம் நிறைந்தபின் தெளிவடையும், சற்று வறண்டும் போகும். பிற்பகலில் கேட்ட ஒலியை மாலையில் தேடாதீர்கள்.

உங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் காலத்தைப் பற்றியது. ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி ஆகிறது. ஆர்கன் குழல்கள் உங்களுக்கு எங்கோ பின்னால், மேலே இருக்கலாம். அதைக் கேட்டுப் பாடினால், கேட்ட கணத்திலேயே நீங்கள் தாமதம். உங்களைக் கேட்டுப் பாடுபவர் மேலும் தாமதம். பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டே கற்றுக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். இதுவரை கைகொடுத்த அந்தப் பழக்கம் அங்கே கைவிட்டுவிடும். நடத்துநரின் கையை மட்டுமே நம்ப வேண்டும், அதற்குப் பிரதியிலிருந்து தலையை நிமிர்த்த வேண்டும், அதற்குப் பாதிக்கு மேல் மனப்பாடமாகியிருக்க வேண்டும். இந்த ஓர் உழைப்பில் மட்டும் அமெச்சூர் என்பதைச் சாக்காகச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அருகில் சுவர் இல்லாத அந்த வெளியில், சுற்றிலும் குரல்கள் சூழ, உங்கள் குரல் உங்களுக்கே கேட்காமல் போகும். உடனே கத்தத் தோன்றும். இரைச்சலுக்கு நடுவே மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவதை 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார், இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஒரு வரிசையில் நாலு பேர் அப்படித் தொடங்கினால் போதும், சுருதி ஏறிப் போகும், தொண்டை இரண்டாம் நாளே கட்டிக்கொள்ளும். அண்டையில் நிற்பவரின் குரல் உங்கள் குரலைவிடச் சற்றுத் தெளிவாகக் கேட்கும் அளவில் பாடிப் பாருங்கள்.

நீங்கள் ஆல்ட்டோ என்பதால் ‘ஆண்டவரே, இரங்கும்’ என்று வேண்டும் கீரியே பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாழ்ந்த ஆண்குரல்களான பாஸ் குரல்கள் ‘கீரியே’ என்று தொடங்கிய சற்றைக்கெல்லாம் ‘கிறிஸ்தே எலேயிசோன்’ என்று விரைவான சங்கதிகளோடு நுழைவது உங்கள் வரிசைதான். ஒத்திகை அறையில் அழகாக வரும் அந்த வேகம் பேராலயத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து குழம்பாகிவிடும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுக்காமல், இலேசாகத் தொட்டுத் தொட்டு விட்டுவிடுங்கள்; மிச்சத்தைக் கல் நிரப்பிக்கொள்ளும்.

அந்தப் பகுதியின் முடிவில், அவ்வளவு வேகமாக வந்த இசை, முடிவை எதிர்பார்க்க வைத்துவிட்டு, இசைவற்ற ஒரு ஸ்வரக்கொத்தில் சட்டென நின்றுவிடும். பிரதியில் அங்கே இருப்பது ஓய்வுக்குறி. மொசார்ட் எழுதியது மௌனம்தான், ஆனால் பேராலயத்தில் அது மௌனமாக இருப்பதில்லை. இருநூறு வாய்களும் மூடியபின், நீங்கள் பாடிய கொத்து உங்கள் தலைக்கு மேலே வளைவுகளில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடத்துநரின் கை அசையாமல் காத்திருக்கும். பிறகுதான் மிக மெதுவான கடைசி ‘கீரியே எலேயிசோன்’. அதன் இறுதி ஒலியில் காந்தாரம் கிடையாது, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், தம்புராவை மீட்டியதுபோல. அந்த இடைவெளியில், கட்டடம் பாடிக்கொண்டிருக்கும்போது, தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

அன்புடன்